ஒட்டிய கன்னங்களும் ஊசிமருந்தும்

அண்மையில் ஒருநாள் எங்கள் ஆசிரியர் அறை மேசைமீது ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையொன்று விரிந்து கிடந்தது. அதன் உட்பக்கத்தில் கொழும்பு அழகுச் சிகிச்சை நிலையமொன்றின் விளம்பரம். நடுத்தர வயதைக் கடந்த பெண்மணி ஒருவரின் முகம் இரு படங்களாக அருகருகே அச்சாகியிருந்தது. ஒன்றில் கன்னம் தளர்ந்து விழுந்திருக்க, மற்றதில் அது நிமிர்ந்து நின்றது. கத்தி படாமலும் ஒரே நாளில் ஆள்மாறிப் போகாமலும், தோலுக்குள்ளே கொலாஜன் என்னும் புரதம் தானாகவே பெருகி, மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இளமை திரும்புமாம். ஊசி போட்டுக்கொண்டது எவருக்கும் தெரியவராதாம். இதைப் பார்த்த மூத்த ஆசிரியர் ஒருவர் பத்திரிகையை ஒதுக்கித் தள்ளிவிட்டு, "இதெல்லாம் காசு கூடினவையின்ரை விளையாட்டு, மாஸ்ரர். இஞ்சை பிள்ளையளுக்குக் கொப்பி வாங்க வழியில்லை" என்றார். அறையிலிருந்த யாவரும் சிரித்தனர்.

அவருடைய கோபத்தில் நியாயம் உண்டு. முற்போக்காளர் என்று தம்மைக் கருதும் நம்போன்றோர் இத்தகைய விளம்பரங்களைக் கண்டவுடன் ஒரு சிரிப்போடு அப்பாற் செல்வதே வழக்கம். ஆயினும் நான் அன்று சிரிக்கவில்லை. அந்த ஊசிமருந்தின் வரலாற்றை ஓரளவு அறிந்தவன் நான். அது பேர் பெற்றதும், வல்லரசொன்றின் மருந்து நிர்வாகத்தினுடைய அங்கீகாரத்தைப் பெற்றதும் அழகு தேடிச் சென்ற சீமாட்டிகளின் முகத்தினால் அன்று. நோயினாலும், அந்நோயைத் தணிக்கக் கொடுக்கப்பட்ட மருந்தினாலும் குழிவிழுந்துபோன கன்னங்களை உடைய மனிதர்கள் போராடித் திறந்த வாசல் அது. வேறு பலர் அதனூடே பின்னர் உள்ளே நுழைந்தனர். அதைப்பற்றியே இங்கு எழுத விரும்புகின்றேன்.

முதலில் மருந்து யாதென்பதைக் கூறிவிடுவோம். புளித்த பாலிலே ஓர் அமிலம் உண்டென்பதை 1780இல் சுவீடன் நாட்டு இரசாயன அறிஞர் கார்ல் வில்ஹெல்ம் ஷேலே கண்டறிந்தார். நம் வீட்டுத் தயிருக்குப் புளிப்பைக் கொடுப்பது அந்த இலற்றிக்கமிலமே. அதன் மூலக்கூறுகளைச் சங்கிலிபோல ஒன்றோடொன்று கோத்தால் ஒரு பல்பகுதியம் கிடைக்கும். நைலோனை ஆக்கியவராகிய வொலஸ் கரோதர்ஸ் 1932இல் இதனை ஆராய்ந்தார். ஈரத்தில் நாளடைவில் சிதைந்துவிடும் பொருளாகையால் ஆலை முதலாளிகளுக்கு அதில் நாட்டம் உண்டாகவில்லை. பல ஆண்டுகள் சென்றபின் அறுவை வைத்தியர்களுக்கு அந்தக் குறையே வேண்டியதாயிற்று. காயத்தைத் தைத்துவிட்டால் பிரித்தெடுக்கத் தேவையின்றி உடலுக்குள்ளேயே கரைந்துபோகும் தையல் நூல்களை இவ்வினப் பொருள்களைக் கொண்டு ஆக்கினர்.

இன்று கன்னத்தில் ஏற்றப்படும் ஊசியில் இருப்பதும் அதுவே. ஒரு குப்பியில் 150 மில்லிகிராம் அளவான பொலி-இலற்றிக்கமிலத் தூள். துகள் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 முதல் 63 மைக்ரோமீற்றர் வரை. மெல்லிய தலைமயிரொன்றின் தடிப்பு என்று கொள்ளலாம். கிருமி நீக்கிய நீரிற் கலக்கித் தோலின் ஆழ்ந்த படையிலே செலுத்துவார்கள். செலுத்தியவுடன் கன்னம் நிரம்பிவிட்டதுபோல் தோன்றும். அது வெறும் நீரின் வீக்கம். சில நாள்களில் நீரை உடல் உறிஞ்சிவிட, முகம் பழையபடி ஆகிவிடும். ஏமாற்றப்பட்டோமோ என்று நோயாளர் ஐயுறுவது இந்த வாரங்களிலேதான். ஆனால் உள்ளே வேலை தொடங்கியிருக்கும். அந்நியப் பொருளொன்று நுழைந்துவிட்டதென்று உடல் விழித்துக்கொள்கிறது. எதிர்ப்பட்டதை விழுங்கும் கலங்கள் வந்து துகள்களைச் சூழ்கின்றன. அவற்றைத் தொடர்ந்து நார் நெய்யும் கலங்கள் வந்து சுற்றிவரக் கொலாஜனைப் படியவிடுகின்றன. காயம் ஆறும்போது நம் உடலில் நடைபெறும் அதே தொழில்தான் இங்கும் நடைபெறுகின்றது. மாதங்கள் செல்லத் துகள்கள் சிதைந்து இலற்றிக்கமிலமாகி, ஈற்றில் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் வெளியேறுகின்றன. உடல் தானே நெய்த நார் மட்டும் எஞ்சி நின்று கன்னத்தைத் தாங்குகிறது. சில வார இடைவெளிவிட்டு மூன்று அல்லது நான்கு முறை ஊசி ஏற்றினால், பயன் ஈராண்டுவரை நிலைக்கும். துகள்கள் ஓரிடத்தில் திரண்டுவிடாதிருக்க, நாளொன்றுக்கு ஐந்து முறை, முறைக்கு ஐந்து நிமிடமாக ஐந்து நாள்களுக்குக் கன்னத்தை உருவிக்கொள்ளும்படி வைத்தியர்கள் சொல்வதுண்டு. எலும்பிலும் பல்லிலும் உள்ள கல்சியச் சேர்வையொன்றை நுண்மணிகளாக்கி ஏற்றும் வேறொரு மருந்தும் இதே வகையைச் சேர்ந்தது.

இதற்கு முன்னர் மனிதர் தம் முகத்துக்குச் செய்துகொண்டவை கொஞ்சமல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பாவில் உருக்கிய பரபின் மெழுகை மூக்கிலும் கன்னத்திலும் ஏற்றிக்கொள்ளும் பழக்கம் பரவிற்று. பின்னாளில் மால்பரோ கோமகளான கிளாடிஸ் டீக்கன் தம் மூக்கின் நேர்மைக்காக ஏற்றிய மெழுகு இளகித் தாடைவரை இறங்கி அவருடைய பேரழகைக் குலைத்ததென்பது அக்காலத்தார் நன்கறிந்த கதை. 1981இல் மாட்டுத் தோலிலிருந்து எடுத்த கொலாஜனை ஏற்றுவதற்கு அமெரிக்காவில் அங்கீகாரம் கிடைத்தது. அது சில மாதங்களிற் கரைந்தது. சிலருக்கு ஒவ்வாமையும் தந்தது. இவை யாவும் இருக்கப்பட்டவர்களின் கதைகளே. நமது கதை வேறிடத்தில் தொடங்குகிறது.

ஜெரோம் ஹோர்விற்ஸ் என்ற அமெரிக்க இரசாயன அறிஞர் 1960களில் புற்றுநோய்க்கு மருந்து தேடி மிசிக்கனில் ஆக்கிய சேர்வைகள் சில, புற்றுநோயின் முன் பயனற்றுப் போயின. அவற்றுக்குக் காப்புரிமை பெறவும் அவர் முயலவில்லை. இருபது ஆண்டுகளின் பின் எயிட்ஸ் நோய் வந்தபோதுதான் அவை எச்.ஐ.வி. கிருமியைத் தடுக்கும் என்பது தெரிய வந்தது. அவற்றுள் ஒன்று சிடோவுடின். மற்றொன்று ஸ்டாவுடின். இரண்டாவதன் ஆற்றலை யேல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் புருசொவ்வும் அவர்தம் சகாவும் கண்டறிந்தனர். காப்புரிமையைப் பல்கலைக்கழகம் பெற்றது; பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குயிப் கம்பனி குத்தகையாக எடுத்தது; 1994இல் மருந்து விற்பனைக்கு வந்தது. 1996 அளவில் மும்மருந்துக் கூட்டுச் சிகிச்சை நிலைபெற்றபோது, சாவை எதிர்நோக்கிப் படுக்கையிற் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குச் சென்றனர். வைத்திய வரலாற்றில் அத்தகைய ஆண்டுகள் மிகச் சில.

ஆனால் எழுந்து நடந்தவர்களின் முகத்தில் ஒன்று நிகழ்ந்தது. ஸ்டாவுடினும், ஓரளவுக்குச் சிடோவுடினும், கலங்களின் சக்தி நிலையங்களாகிய இழைமணிகளைப் பழுதாக்குவன. அதனால் தோலின் கீழுள்ள கொழுப்புக் கலங்கள் மடிந்தன. கைகால்கள் மெலிந்து நரம்புகள் புடைத்தன. கன்னத்தின் கொழுப்பு மெத்தை கரைந்து, கன்னவெலும்பின் கீழே குழி விழுந்தது. கடைவாய்ப் பல்லின் வரிசை வெளியே தெரியுமளவுக்குத் தோல் ஒட்டிற்று. உயிருக்கு இதனால் ஆபத்தில்லை. இரத்தத்திலே கிருமி அடங்கியிருந்தது, உடல் நலமாயிருந்தது. முகம் மட்டும் வீதியிற் செல்வோருக்கெல்லாம் நோயை அறிவித்துக்கொண்டிருந்தது. சிலர் இக்காரணத்தினாலேயே மருந்தை நிறுத்தினர். மருந்தை மாற்றினாலும் போன கொழுப்பு மிக மெதுவாகவே, அதுவும் அரைகுறையாகவே திரும்பிற்று.

என் ஊரவரான நண்பர் ஒருவர் எண்பதுகளில் பாரிஸ் சென்று உணவுச்சாலைக் குசினியொன்றிற் பாத்திரம் கழுவும் வேலையில் அமர்ந்தார். அவருக்கு இந்நோய் உண்டென்பது தொண்ணூறுகளில் தெரிந்தது. என்னைத் தவிர ஊரில் எவருக்கும் அவர் எழுதவில்லை. மும்மருந்து கிடைத்து அவர் உயிர் பிழைத்த செய்தியை மகிழ்ச்சியோடு எழுதியவர், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குப் பின் எழுதிய கடிதங்களில் வேறொரு துன்பத்தைச் சொல்லத் தொடங்கினார். லா சப்பல் பகுதியில் நம்மவர் கடைகள் இருக்கும் வீதியொன்று உண்டு. அங்கே மரக்கறி வாங்கப் போனால் கடைக்காரர், "என்ன தம்பி, சரியா வாடிப்போனாய்?" என்று கேட்பார். கேள்வியில் அன்பே உண்டு. ஆயினும் அன்று மாலையே அது நான்கு வீட்டில் ஆராயப்படும். நண்பர் தாடி வளர்த்தார். தாடி குழியை மறைக்கவில்லை. தமிழர் கடைகளை விட்டு அரபுக்காரர் கடையில் வாங்கத் தொடங்கினார். ஆண்டுதோறும் ஓகஸ்ட் கடைசியில் அவ்வீதியில் நடக்கும் பிள்ளையார் தேருக்குப் போவதை நிறுத்தினார். கலியாண வீடு, செத்த வீடு எதற்கும் செல்வதில்லை. "சாவிலையிருந்து தப்பினன், சனத்திட்டையிருந்து தப்பேலாமல் கிடக்கு" என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தார். அவர் விளையாட்டாக எழுதுபவர் அல்லர்.

பொலி-இலற்றிக்கமில ஊசி ஐரோப்பாவில் 1999இல் 'நியூ-ஃபில்' என்ற பெயரில் சுருக்கங்களையும் வடுக்களையும் நிரப்பவே அனுமதி பெற்றிருந்தது. அதனை இந்நோயாளரின் கன்னத்துக்குப் பயன்படுத்தலாமென்று பிரான்சின் வைத்தியர் சிலர் கண்டனர். பாரிஸில் 50 நோயாளருக்கு ஏற்றி ஈராண்டளவு தொடர்ந்து அளந்து பார்த்தனர். இலண்டனில் 30 பேருக்கு ஏற்றிப் பார்த்தனர். தோலின் தடிப்பு பல மில்லிமீற்றர் கூடிற்று. செய்தி அத்திலாந்திக் கடலைத் தாண்டியது. ஐக்கிய அமெரிக்காவில் அது அங்கீகாரமற்ற பொருள். அங்குள்ள நோயாளர் விமானம் ஏறிப் பாரிஸுக்கு வந்தனர், மெக்சிக்கோவுக்குச் சென்றனர். மருந்துக்காக எண்பதுகளிலேயே நோயாளர் தாமாக அமைத்துக்கொண்ட கொள்வனவுச் சங்கங்களின் வழியாக அதைத் தருவித்தனர். பின்னர் மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவின்முன் சென்று, தமது முகத்தையே சாட்சியாக நிறுத்தி வாதாடினர். உயிர்காக்கும் மருந்தல்லாத ஒன்றை அவசரமாக ஆராய வேண்டியதில்லை என்று அவர்களுக்குச் சொல்ல அதிகாரிகளால் இயலவில்லை. 2004 ஓகஸ்டில் 'ஸ்கல்ப்ட்ரா' என்ற பெயரில் அங்கீகாரம் கிடைத்தது. எச்.ஐ.வி. நோயாளரின் முகக்கொழுப்பு இழப்பு என்ற ஒரே காரணத்துக்காகவே அது வழங்கப்பட்டது. ஆராயப்பட்டவர்களுட் பெரும்பாலோர் வெள்ளை இன ஆண்கள் என்பதால், பெண்களையும் கருந்தோலினரையும் சேர்த்து மேலும் ஐந்தாண்டு கவனிக்கும்படி நிர்வாகம் கம்பனிக்கு நிபந்தனை விதித்தது.

பாரிஸ் நண்பருக்கு வைத்தியசாலை மூலம் நான்கு முறை ஊசி ஏற்றினர். பிரான்சின் பொதுச் சுகாதாரக் காப்புறுதி பின்னர் இந்நோயாளருக்கான செலவைத் தானே ஏற்றுக்கொண்டது என்பதையும் இங்கு சொல்லவேண்டும். முதல் ஊசியின் பின் ஒரு மாதமாக ஒன்றும் நடக்கவில்லையென்று சோர்ந்து எழுதினார். ஆறாம் மாதமளவில் தாடியை வழித்துவிட்டு ஒரு படம் அனுப்பினார். இளமை திரும்பிய முகமன்று அது. ஐம்பதை நெருங்கிய, குசினி வெக்கையிற் கறுத்த, சாதாரணமான ஒரு தொழிலாளியின் முகம். அதைத்தான் அவர் வேண்டியிருந்தார். மெதுவாக மாறியதால், ஏன் மாறியதென்று எவரும் கேட்கவில்லையாம். கடைக்காரர், "இப்ப கொஞ்சம் தேறியிருக்கிறாய்" என்று மட்டும் சொன்னாராம். அந்த வருடம் தேருக்குப் போய்த் தேங்காய் உடைத்ததாக எழுதினார். நான் கடவுள் நம்பிக்கை அற்றவன். எனினும் அந்தக் கடிதத்தை இன்றும் வைத்திருக்கின்றேன். அவரது அனுமதியுடனேயே இதை எழுதுகின்றேன்.

'எவருக்கும் தெரியவராது' என்று விளம்பரம் சொன்ன வாக்கை இப்போது மீண்டும் எண்ணிப் பாருங்கள். நண்பருக்கு அது தெருவில் நடக்கும் உரிமை. தன் நோயைத் தான் விரும்பியவருக்கு மட்டும் சொல்லும் சுதந்திரம். இன்றைய சந்தையில் அது வாங்கிய பொருளை வாங்கவில்லையென்று காட்டிக்கொள்வதற்கான வசதி. இரசாயனம் ஒன்றே, ஊசியும் ஒன்றே. ஆனால் சமுதாயத்தில் அவை நிற்கும் இடங்கள் வெவ்வேறு. 2009 யூலையில், நோயற்றவர்களின் மூக்கோரத்திலிருந்து வாயோரம் வரை விழும் மடிப்புகளுக்கும் இம்மருந்தைப் பயன்படுத்தலாமென்று அமெரிக்க நிர்வாகம் அனுமதித்தது. 2023இல் கன்னச் சுருக்கங்களும் சேர்க்கப்பட்டன. மருந்து கம்பனிக்குக் கம்பனி கைமாறி, தோலழகுப் பொருள்களில் உலகெங்கும் வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்திடம் இன்று இருக்கின்றது. அதன் விளம்பரப் படங்களில் ஒட்டிய கன்னமுடைய மனிதரை நீங்கள் காணமாட்டீர்கள். முதலாளித்துவச் சந்தை ஒரு பொருளின் பிறப்புப் பத்திரத்தை எவ்வளவு விரைவாகக் கிழித்துவிடுகிறது!

நோயாளருக்கு வாசல் திறந்ததே தவிர, உள்ளே செல்லப் பணம் வேண்டியிருந்தது. அமெரிக்காவில் ஒரு முழுச் சிகிச்சைக்கு ஆயிரக்கணக்கான டொலர் செலவாகும். அழகுக்கான சிகிச்சையென்று கூறிக் காப்புறுதிக் கம்பனிகள் கைவிரித்தன. 2010 மார்ச்சில் மெடிக்கெயர் என்னும் அரசாங்கக் காப்புறுதி செலவை ஏற்க முன்வந்தது. ஆனால் அதன் நிபந்தனையைக் கேளுங்கள். முகம் குழிந்துவிட்டது என்பது மட்டும் போதாது. அதன் காரணமாக நோயாளர் மனச்சோர்வு என்னும் நோய்க்கு ஆளாகியிருக்கவும் வேண்டும். உடைந்துபோகாமல் தலைநிமிர்ந்து நின்றவனுக்கு ஊசி இல்லை! மசசூசெற்ஸ் மாநிலத்தில் நோயாளரும் அவர்தம் சட்டத்தரணிகளும் ஆண்டுக்கணக்காக மன்றாடியதன் பின், 2016 ஓகஸ்டில், எல்லாக் காப்புறுதிகளும் இச்சிகிச்சைக்குப் பணம் செலுத்தவேண்டுமென்று ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. அமெரிக்க மாநிலங்களில் அத்தகைய முதற் சட்டம் அதுவே. மருந்து அங்கீகரிக்கப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்குள் எத்தனைபேர் அந்த முகத்தோடேயே இறந்திருப்பார்கள்!

இவ்வளவும் சொல்வதால் விளம்பரத்திலிருந்த பெண்மணியை நான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதாக எண்ணவேண்டாம். ஆசிரியர் அறையின் சிரிப்பு அவரைப் பார்த்தே சிரிக்கப்பட்டது; அது எனக்கு உவப்பாயில்லை. பெண்ணின் முகம் அவளுடைய கூலியோடு கட்டப்பட்டிருக்கும் உலகம் இது. 1953இல் அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானப் பணிப்பெண்கள் 32 வயதில் வேலையைவிட்டு விலகவேண்டுமென்று விதித்தது. வேறு கம்பனிகளும் அவ்வழியே சென்றன. தொழிற்சங்கங்கள் பல்லாண்டு போராடி, 1968இல் சம வேலைவாய்ப்பு ஆணைக்குழுவின் முடிவைப் பெற்றே அவ்விதியை ஒழித்தன. எழுதப்பட்ட விதி ஒழிந்தது. எழுதப்படாதது இன்றும் வரவேற்பு மேசைகளிலும், வங்கிகளின் முன்வரிசையிலும், தொலைக்காட்சிச் செய்தி அறையிலும் வாழ்கிறது. வயது தெரிந்தால் வேலை போகும் என்று அஞ்சி ஒருத்தி தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஊசி போட்டுக்கொள்வாளாயின், அவளை வீண் ஆடம்பரக்காரி என்று ஏசுவதற்கு நமக்கு என்ன தகுதி? ஓய்வூதியம் உள்ள ஆண் ஆசிரியர்களின் சிரிப்பு அது.

அவள் அஞ்சவேண்டிய வேறு விடயங்கள் உண்டு. கலக்கும் நீர் குறைந்தாலோ, தோலின் மேற்படையில் ஏற்றினாலோ சிறு முடிச்சுகள் தோன்றி மாதக்கணக்கில் நிற்கும். கை தவறி இரத்தக்குழாய்க்குள் மருந்து சென்று அடைத்தால் தோல் அழுகலாம், கண்பார்வையே போய்விடலாம். வேறு சில அழகூசிகளைக் கரைத்துவிட மாற்றுமருந்து உண்டு. இதற்கு அது இல்லை. பயின்ற வைத்தியரல்லாத எவரும் இதைத் தொடலாகாது. நியூமெக்சிக்கோ மாநிலத்தில் அனுமதிப்பத்திரமற்ற அழகு நிலையமொன்று, வேறொரு வகைச் சிகிச்சையாக, வாடிக்கையாளரின் இரத்தத்திலிருந்து பிரித்த பாய்மத்தை நுண்ணூசிகளால் முகத்தில் ஏற்றி வந்தது. அந்நிலையம் 2018இல் மூடப்பட்டது. அங்கு சென்ற பெண்களில் குறைந்தது மூவருக்கு எச்.ஐ.வி. தொற்றியதென்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் 2024 ஏப்ரிலில் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. முகப்பொலிவு தேடிச் சென்றவர்கள் என் நண்பரின் நோயோடு திரும்பினர். இலாபம் ஒன்றையே நோக்கமாகக் கொண்ட மலிவுக் கடைகள் நம் நாட்டு நகரங்களிலும் பெருகுகின்ற இந்நாளில், இந்தச் செய்தியைத் தமிழில் ஒருமுறையேனும் அச்சிடுவது நல்லது.

இனி, எனக்கு மிகவும் உறுத்துகின்ற பகுதிக்கு வருகின்றேன். மும்மருந்துச் சிகிச்சை தொடக்கத்தில் ஆளொருவருக்கு ஆண்டுக்குப் பதினாயிரம் டொலருக்கும் மேற்பட்ட விலையில் விற்கப்பட்டது. 2001 பெப்ரவரியில் பம்பாயின் சிப்ளா கம்பனி, எல்லைகளற்ற வைத்தியர் அமைப்புக்கு அதே சிகிச்சையை ஆண்டுக்கு 350 டொலருக்குத் தருவதாக அறிவித்தது. அந்த மலிவுக் கூட்டின் ஓர் அங்கம் ஸ்டாவுடின். அதற்கான காப்புரிமையை யேல் பல்கலைக்கழகம் தென்னாபிரிக்காவில் தளர்த்தவேண்டுமென்று அங்குள்ள மாணவர்கள் கிளர்ந்தெழுந்தனர்; மனுக்களில் ஒப்பம் திரட்டினர். மருந்தின் ஆற்றலைக் கண்டறிந்த முதியவரான புருசொவ்வும் அவர்கள் பக்கம் நின்றார். அந்த மார்ச் மாதத்திலேயே கம்பனி பணிந்தது. அடுத்த மாதம், தென்னாபிரிக்க அரசாங்கத்தின்மீது 39 மருந்துக் கம்பனிகள் தொடுத்திருந்த வழக்கும் வாபஸ் பெறப்பட்டது. சாக்கி அக்மத் என்பார் முன்னின்று 1998 திசெம்பரில் தொடங்கிய சிகிச்சைச் செயற்பாட்டு இயக்கத்தின் மக்கள் பேரணிகள் இல்லாவிடின் இது நடந்திராது. அரசாங்க வைத்தியசாலையில் ஏழைக்குக் கிடைக்கும்வரை தாமும் மருந்தைத் தொடேன் என்று அவர் 2003வரை உறுதியாயிருந்தார். மாணவர்களாகிய வாசகர்கள் இந்த ஆண்டுகளை மனத்திற் கொள்ளவேண்டும். பல்கலைக்கழக விடுதியில் ஒப்பம் திரட்டிய இளைஞர்கள் ஒரு கண்டத்தின் மருந்து விலையைத் தொட்டார்கள்.

அந்த வெற்றியின் பயனாக 2004இல் தென்னாபிரிக்க அரசாங்க வைத்தியசாலைகளில் இலவசச் சிகிச்சை தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரில் முதலாந் திகதி இந்தியாவிலும் அரசாங்கத்தின் இலவசத் திட்டம் எட்டு வைத்தியசாலைகளில் ஆரம்பமாயிற்று. சென்னைக்கு அருகே தாம்பரத்திலுள்ள நெஞ்சுநோய் வைத்தியசாலை அவற்றுள் ஒன்று. இலட்சக்கணக்கானோர் பிழைத்தனர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட கூட்டுக்களில் ஸ்டாவுடின் முக்கிய இடம் பெற்றது. ஏனெனில் அதுவே மலிவு. செல்வ நாடுகளின் வைத்தியர்கள் கன்னக்குழிவைக் கண்டு அதனைக் கைவிட்டுவந்த அதே ஆண்டுகள் இவை. அந்நாடுகளில் அதற்குப் பதிலாக வந்த தெனோபோவிர் விலை கூடியது. படிப்படியாகக் கைவிடும்படி உலக சுகாதார நிறுவனம் 2009 நவம்பர் கடைசியிற் கூறிற்று. 2010இல் தென்னாபிரிக்கா புதிய நோயாளருக்குத் தெனோபோவிர் கொடுக்கத் தொடங்கியது. இந்தியாவில் மாற்றம் மேலும் சில ஆண்டுகள் பிந்தியது.

நோயற்ற கன்னங்களின் மடிப்பு நீக்கவும் ஊசியை விற்கலாமென்று வாஷிங்ரனில் தீர்மானித்ததும் அதே 2009ஆம் ஆண்டுதான். தாம்பரத்து மருந்துச்சாலை வரிசையிலும், டேர்பன் நகரத்து வரிசையிலும் அப்போது நின்றவர்களுள் எத்தனையோ பேருக்குக் கன்னம் ஒட்டியிருந்தது. தையற்காரிகளும், லொறிச் சாரதிகளும், வீட்டு வேலைக்காரிகளும், கணவனிடமிருந்து நோயைப் பெற்று விதவையான இளம்பெண்களும் அவர்களுள் இருந்தனர். அயலவர் அவர்களைப் பார்த்து என்ன கேட்டிருப்பார்கள் என்பதை என் நண்பரின் கடிதங்களிலிருந்து ஓரளவு ஊகிக்க முடிகின்றது. அவர்களுக்கு வேறு மாத்திரை பின்னர் கொடுக்கப்பட்டது. கன்னத்துக்கான ஊசி அத்திட்டங்கள் எவற்றின் பட்டியலிலும் இடம்பெறவில்லை. அவ்வரிசைகளிற் பிழைத்தவர்களுக்கு இன்று வயது ஐம்பது, அறுபது. மாதந்தோறும் மருந்துக்கு வருகிறார்கள். பெண்கள் சேலைத் தலைப்பைக் கன்னத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டு வருவதாகச் சென்னையிலுள்ள தாதியொருவர் என்னிடம் சொன்னார்.